நெஞ்சுக்கும் கைக்கும் நடுவில்

குளியலறைக் கொடியில் என் நெஞ்சுப்பட்டை காய்ந்துகொண்டிருந்ததை முதன்முதலாகப் பார்த்த அன்று அம்மா கேட்டாள்: "ஏல, இது என்னது, பாடியிலருந்து அந்து விழுந்த வாரு மாதிரி தொங்குது?"

இதயத் துடிப்பை அளக்கும் பட்டை, நெஞ்சைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்றேன். அம்மா அதைக் கையில் எடுத்து, உள்பக்கம் இருந்த இரண்டு கறுப்பு ரப்பர் பட்டைகளையும் விரலால் தடவிப் பார்த்தாள். திருநெல்வேலிப் பக்கம் அரசு மருத்துவமனைகளில் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது திருவான்மியூரில் என்னோடு இருக்கிறாள். "எலக்ட்ரோடா? இதுக்கு ஜெல்லி தடவ வேண்டாமா?" தண்ணீர் போதும் என்றேன். "வேர்வையே போதுமே, மெட்ராஸ்ல" என்று சொல்லித் திரும்பவும் கொடியில் போட்டாள்.

அப்போது என்னிடம் இன்னொரு கருவியும் இருந்தது. மேல்கையில் கட்டும் பட்டை. பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டையும் ஒன்றாக மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் நாற்பது நிமிடம் மெதுவோட்டம் ஓடினேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால், ஒரே ஆளின் ஒரே இதயத்துக்கு இரண்டு விடை. நெஞ்சுப்பட்டையின்படி என் துடிப்பு இடைவெளிகளின் மாறுபாடு 4 மில்லி விநாடி. கைப்பட்டையின்படி 19.

ஒன்று பொய் சொல்கிறது என்றுதான் எந்த எஞ்சினியரும் முதலில் நினைப்பான். நானும் நினைத்தேன்.

*

ஹெச்ஆர்வி என்ற சொல்லை ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருப்பீர்கள். காலையில் எழுந்ததும் "இன்று உங்கள் ஹெச்ஆர்வி குறைவு, ஓய்வெடுங்கள்" என்று அது அறிவுரை சொல்லும். உண்மையில் இது ரொம்ப எளிய விஷயம். இதயம் நிமிடத்துக்கு 60 முறை துடிக்கிறது என்றால், சரியாக விநாடிக்கு ஒருமுறை துடிக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு இடைவெளி 1000 மில்லி விநாடி, அடுத்தது 1040, அதற்கடுத்தது 985 என்று அலைந்துகொண்டே இருக்கும். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரைவாகும், விடும்போது நிதானமாகும். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு பிடித்துப் பிடித்து விடும் பிரேக் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்துப் பக்கத்து இடைவெளிகளின் வித்தியாசங்களை எடுத்து, வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்தால் வருவது ஆர்எம்எஸ்எஸ்டி. நான் மேலே சொன்ன 4, 19 இரண்டும் அதுதான்.

படுத்திருக்கும்போது எனக்கு இது 40 பக்கம் இருக்கும். ஓட ஆரம்பித்தால் உடம்பு பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுகிறது. இடைவெளிகள் குறுகி, ஏறக்குறைய ஒரே அளவாகிவிடும். 440, 438, 441, 439. நாற்பது இருந்த இடத்தில் மூன்று நான்குதான் மிஞ்சும். அந்த மிச்சத்துக்குள்தான் ஓடும்போது உடம்பு என்ன செய்கிறது என்ற ரகசியம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அதற்காகத்தான் நான் இதில் இறங்கினேன்.

சரி, வேறொரு காரணமும் இருந்தது. என் அப்பா 57 வயதில் தூக்கத்தில் இறந்தார். அதற்கு முந்தைய ஒன்றிரண்டு வருடங்களில் சில சமயம் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "உள்ள மீனு துள்ளுத மாதிரி இருக்கு" என்பார். பிறகு அவரே "கேஸு" என்று தீர்ப்புச் சொல்லி, ஒரு கிளாஸ் சோடா குடிப்பார். வீட்டில் நர்ஸ் இருந்தும் கையைக் கொடுக்க மாட்டார். "ஆஸ்பத்திரிய வீட்டுக்குக் கொண்டாராத" என்பார். எனக்கு இப்போது 36. முப்பதுகளில் ஓட ஆரம்பிக்கும் ஐடிக்காரர்களில் பாதிப் பேர் மாரத்தான் மெடலுக்காக ஓடவில்லை என்பது என் கணிப்பு. யாரோ ஒருவரின் வயதைத் தாண்டிவிட வேண்டும் என்றுதான் ஓடுகிறார்கள்.

*

நெஞ்சுப்பட்டை கேட்பது மின்சாரத்தை. இதயத் தசை சுருங்குவதற்கு முன்னால் ஒரு மின் கட்டளை அதன் மேல் பரவுகிறது. அதன் எதிரொலி தோல் வரைக்கும் வருகிறது. 1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்ற உடலியல் ஆய்வாளர் மனித உடம்பின் மேற்பரப்பிலிருந்தே இதைப் பதிவு செய்து காட்டினார். ஜிம்மி என்ற தன் புல்டாக் நாயை உப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் கால் வைத்து நிற்கச் செய்து சபைகளில் செய்முறை விளக்கம் காட்டுவார். நாயைக் கொடுமைப்படுத்துகிறார்களா என்று 1909இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியே எழுந்தது. பிறகு நெதர்லாந்தின் லெய்டனில் வில்லெம் எய்ந்தோவன் இதைத் துல்லியமான கருவியாக்கி, 1924இல் நோபல் பரிசு வாங்கினார். அவருடைய நோயாளிகளும் உப்புத் தண்ணீர் வாளிக்குள் கையையும் காலையும் விட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். நான் அதிகாலையில் வாஷ்பேசினில் பட்டையை நனைப்பதும் அந்த வாளியின் வாரிசுதான். வறண்ட தோலில் மின்சாரம் ஏறாது. முதல் ஐந்து நிமிடம் உளறும், வேர்த்ததும் தெளியும். இந்த விஷயத்தில் சென்னை ஒரு வரப்பிரசாதம்.

ஈசிஜி காகிதத்தில் ஊசி மாதிரி மேலே குத்திக்கொண்டு நிற்குமே, அதற்கு எய்ந்தோவன் வைத்த பெயர் ஆர். ஒரு ஆர் முனையிலிருந்து அடுத்த ஆர் முனை வரை ஆர்-ஆர் இடைவெளி. கூர்மையான முனை என்பதால் அது எந்தக் கணத்தில் வந்தது என்று மில்லி விநாடி சுத்தமாகச் சொல்லிவிடலாம்.

இங்கே என் தொழில் சார்ந்த ஒரு அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டையிலிருந்து ப்ளூடூத் வழியாக வரும் எண்களை நேரடியாகப் படிக்க நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். முதல் வாரம் பூராவும் என் இதயம் திரையில் காட்டுவதைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடுவதாகவே கணக்கு வந்தது. 60 என்றால் 58.6. எங்கெங்கோ தேடினேன். கடைசியில் பார்த்தால், ப்ளூடூத் தரவரையறையில் ஆர்-ஆர் இடைவெளியின் அலகு மில்லி விநாடியே இல்லை. ஒரு விநாடியை 1024ஆக வகுத்த துண்டு. இரண்டரை சதவீதப் பிழையோடு ஒரு வாரம் என் இதயத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோட் ரிவ்யூவில் ஜூனியர் யாராவது இதைச் செய்திருந்தால் அரை மணி நேரம் பாடம் எடுத்திருப்பேன்.

கைப்பட்டை மின்சாரத்தைக் கேட்பதே இல்லை. அது பார்ப்பது ரத்தத்தை. பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளக்கிறது. ரத்தம் பச்சையை விழுங்கும். துடிப்பின் அலை வந்து நுண்குழாய்கள் நிறையும்போது திரும்பும் வெளிச்சம் குறையும், வடியும்போது கூடும். இதுவும் புதிதல்ல, 1930களிலேயே அமெரிக்காவில் அல்ரிக் ஹெர்ட்ஸ்மன் விரல் நுனிகளில் வெளிச்சத்தை வைத்து இந்த அலையைப் பதிவு செய்திருக்கிறார். 1970களில் ஜப்பானின் தகுவோ அயோயாகி இதே வழியில் போய்க் கண்டுபிடித்ததுதான், கொரோனா காலத்தில் நாம் விரலில் கிளிப் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர். (அந்தக் கருவி கறுப்புத் தோலில் ஆக்ஸிஜன் குறைவைத் தவறவிடுகிறது என்று 2020 டிசம்பரில் ஒரு அமெரிக்க ஆய்வு சொன்னபோது, என் நிறத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.)

வசதி என்று பார்த்தால் கைப்பட்டைக்குப் பக்கத்தில் எதுவும் வராது. நெஞ்சுப்பட்டை ஒரு மணி நேரத்தில் உப்பேறி மார்புக்குக் கீழே அறுக்கும். என்னோடு ஓடும் தோழி ஒருத்தி, ஸ்போர்ட்ஸ் ப்ராவுக்கு அடியில் இன்னொரு வாரா என்று அதைத் தொடவே மாட்டேன் என்கிறாள். கைப்பட்டையோ மாட்டினால் மறந்துவிடும்.

படுக்கையில் அசையாமல் இருந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடம், கிட்டத்தட்ட முந்நூறு துடிப்புகள். ஆர்எம்எஸ்எஸ்டி ஒன்றில் 41, இன்னொன்றில் 43. இரண்டு கோடுகளையும் மேலே மேலே போட்டால் ஒன்றுதான் தெரியும். ஓய்வில் கைப்பட்டையை நம்பலாம் என்பதை அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். பிரச்சினை எழுந்து ஓடும்போதுதான்.

*

ஓடும்போது என்ன ஆகிறது?

முதலில் கை ஆடுகிறது. ஒவ்வொரு காலடிக்கும் தோலுக்கடியில் ரத்தமும் திசுவும் குலுங்குகின்றன. அந்தக் குலுக்கலும் வெளிச்சத்துக்கு ஒரு அலைதான். என் பழைய கைக்கடிகாரம் மெதுவோட்டத்தில் துடிப்பு 164 என்று அடம்பிடிக்கும். எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு நான் வைக்கும் அடிகள் 164. இதயத்தை விட்டுவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. மேல்கையில் சதை அதிகம், எலும்பு மூட்டு இல்லை, ஆட்டம் குறைவு. அதனால் கைப்பட்டைக்கு இந்த வியாதி குறைவு. நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணை மட்டும் கேட்டால் நெஞ்சுப்பட்டையோடு ஒன்றிரண்டு வித்தியாசத்தில் சொல்லிவிடும். பத்துப் பன்னிரண்டு துடிப்புகளைச் சேர்த்துச் சராசரி பார்த்தால் தனித்தனிப் பிழைகள் அடிபட்டுப்போகும்.

ஆனால் ஹெச்ஆர்வியில் சராசரி உதவாது. இங்கே ஒவ்வொரு துடிப்பின் நேரமும் தனியாக வேண்டும். ஆர் முனை ஊசி என்றால், வெளிச்ச அலை ஒரு மண்மேடு. அதன் உச்சி எங்கே என்று கேட்டால் இங்கே என்றும் சொல்லலாம், பத்து மில்லி விநாடி தள்ளியும் சொல்லலாம். ஓய்வில் நாற்பதை அளக்கும்போது அந்தப் பிசகு பெரிதாகத் தெரியாது. ஓடும்போது அளக்க வேண்டிய பொருளே நான்கு மில்லி விநாடி. அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் தங்கத்தை வைத்த கதை. அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த 19இல் என் இதயத்தின் பங்கு 4. மீதி மேட்டின் உச்சி தேடி அலைந்தது.

இது போதாதென்று, கட்டளை பிறந்த நேரத்துக்கும் ரத்தம் கைக்கு வந்து சேரும் நேரத்துக்கும் நடுவே ஒரு தாமதம் இருக்கிறது. கால் விநாடிக்குள்தான். ஆனால் அது நிலையானதல்ல. மூச்சோடு, ரத்த அழுத்தத்தோடு, குழாய்களின் இறுக்கத்தோடு துடிப்புக்குத் துடிப்பு மாறும். ஆக, கைப்பட்டை பிழையே செய்யாத தெய்வக் கருவியாக இருந்தாலும், அது தருவது ரத்தம் வந்த நேரங்களின் இடைவெளி; கட்டளை போன நேரங்களின் இடைவெளி அல்ல. நெட்வொர்க்கில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சர்வர் ஒழுங்காக அனுப்பினாலும் பாக்கெட் வந்து சேரும் நேரம் தள்ளாடும்.

எனக்கு வேண்டியிருந்த எண் இன்னும் நுட்பமானது. டிஎஃப்ஏ ஆல்ஃபா 1. சி.கே. பெங் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 1994இல் டிஎன்ஏ வரிசைகளை ஆராயக் கண்டுபிடித்த கணக்கு. அடுத்த வருடமே அதை இதயத் துடிப்புக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு இடைவெளிக்கும் அதற்கு அடுத்தடுத்து வருபவற்றுக்கும் எவ்வளவு ஞாபகத் தொடர்பு இருக்கிறது என்று அது சொல்லும். நிதானமாக ஓடும்போது 1 அல்லது அதற்கு மேல். சிரமம் ஏற ஏற இறங்கும். 0.5க்கு வந்தால் தொடர்பே இல்லை, காசைச் சுண்டிப் போட்ட மாதிரி. நடுவில் 0.75 என்பது மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தின் மேல் எல்லைக்குப் பக்கத்தில் விழுகிறது என்று ப்ரூஸ் ரோஜர்ஸும் தாமஸ் க்ரோன்வால்ட்டும் சமீப ஆண்டுகளில் எழுதிக் காட்டினார்கள். விரல் நுனியில் ரத்தம் எடுத்து லாக்டேட் பார்க்காமல் எல்லையைக் கண்டுபிடிக்கலாம் என்றால் என்னைப் போன்றவர்களுக்கு வேறென்ன வேண்டும்?

காசு சுண்டின மாதிரியான கலக்கம் இதயத்திலிருந்து வந்தாலும், மேட்டின் உச்சி தேடிய பிசகிலிருந்து வந்தாலும் அந்தக் கணக்குக்கு ஒன்றுதான். கைப்பட்டையை நம்பினால், பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடும் ஓட்டத்தில்கூட நான் உயிர் போகும் சிரமத்தில் இருப்பதாக 0.5 காட்டும். வேடிக்கை என்னவென்றால் கைப்பட்டைக்கே இது தெரிந்திருந்தது. ஒவ்வொரு இடைவெளியோடும் அது ஒரு பிழை மதிப்பீட்டையும், "அசைவு காரணமாக இந்த அளவு செல்லாது" என்று ஒரு குறியையும் சேர்த்தே அனுப்பிக்கொண்டிருந்தது. ஓட்டத்தின்போது முக்கால்வாசிக்கு மேல் அந்தக் குறி விழுந்திருந்தது. என் ஸ்கிரிப்ட்தான் அந்தப் பகுதியைப் படிக்காமல் தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தது.

*

வழக்கு முடிந்தது, நெஞ்சுப்பட்டை ஜெயித்தது என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் நெஞ்சுப்பட்டையின் எண்களிலும் அழுக்கு இருந்தது.

இப்படி: 440, 442, 310, 570, 441. நடுவில் இருக்கும் 310ஐயும் 570ஐயும் பாருங்கள். மெதுவாக ஆரம்பிக்கும் முதல் பத்து நிமிடத்தில் ஆறேழு தடவை, ஓடி முடித்து நடக்கும்போது இன்னும் சில தடவை. பட்டை நழுவியிருக்கும், பாலியஸ்டர் பனியன் உரசி மின்னூட்டம் ஏறியிருக்கும், என்று நானே முடிவு கட்டினேன். இரண்டுமே நெஞ்சுப்பட்டையில் நிஜமாக நடப்பவைதான். டிஎஃப்ஏ கணக்கு இந்த மாதிரி அழுக்கைத் தாங்காது. அதனால் முந்தைய இடைவெளியைவிட 20 சதவீதத்துக்கு மேல் மாறினால் அதை அழித்து, நடுவில் பொருத்தமான எண்ணை நிரப்பும்படி ஒரு வடிகட்டி எழுதினேன். நான்கு வரி கோட். எண்கள் அழகாகிவிட்டன. பதினோரு மாதம் அந்த வடிகட்டி ஓடியது.

இதில் நான் முறைகேடாக எதுவும் செய்யவில்லை. ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் இரண்டு சேர்ந்து 1996இல் வெளியிட்ட ஹெச்ஆர்வி தரநிலை அறிக்கை ஒன்று உண்டு. துறையில் எல்லோரும் அதைத்தான் காட்டுவார்கள். அதில் ஆர்-ஆர் என்பதோடு என்-என் என்றும் ஒரு சொல் வரும். நார்மல் டு நார்மல். அதாவது ஒழுங்கான துடிப்புக்கும் ஒழுங்கான துடிப்புக்கும் நடுவிலான இடைவெளி மட்டுமே கணக்கில் சேரும். ஒழுங்கற்ற துடிப்பை வெளியே எடுத்துவிட வேண்டும். ஹெச்ஆர்விக்கு அது சரி. வெளியே எடுத்ததை யாராவது பார்க்க வேண்டுமே என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் இரவு இரண்டு பட்டைகளின் வரிசைகளையும் துடிப்புக்குத் துடிப்பு பொருத்தும் வேலையில் இருந்தேன். ஓட்டம் முடிந்து நிழலில் நின்ற இரண்டு நிமிடப் பகுதி, கை அசையாத நேரம், கைப்பட்டையும் சுத்தமாக வேலை செய்த இடம். நெஞ்சுப்பட்டையில் 520, 360, 680, 522. கைப்பட்டையில் அதே இடத்தில் 521, 1040, 523. ஒன்று துடிப்பைக் கூட்டிச் சொல்கிறது, இன்னொன்று தவறவிடுகிறது, இரண்டும் குப்பை என்றுதான் எழுதி வைத்தேன். 360ஐயும் 680ஐயும் கூட்டிப் பார்க்க ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. 1040. இரண்டு ஒழுங்கான இடைவெளிகளின் கூட்டும் அதேதான். குப்பை இவ்வளவு நேர்மையாகக் கணக்கு வைக்காது.

அம்மா பால் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். கண்ணாடி போடவில்லை, எண்களைப் படித்திருக்க முடியாது. இரண்டு கோடு ஏன் என்றாள். நெஞ்சில் ஒன்று, கையில் ஒன்று, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றேன்.

"டெஃபிசிட்டு" என்றாள்.

"என்னது?"

"பல்ஸ் டெஃபிசிட்டுல. வார்டுல டாக்டர் எழுதிப் போடுவாவ. ஒருத்தி நெஞ்சுல ஸ்டெத் வச்சு எண்ணணும், இன்னொருத்தி கையப் புடிச்சு எண்ணணும். ஒரே வாட்ச்சு, ஒரே நிமிஷம். நெஞ்சுல நூறு இருக்கும், கையில எம்பதுதான் வரும். மிச்சம் இருவதும் அடிச்சிருக்கும், ரத்தம் வந்து சேந்திருக்காது."

"ஏன் சேராது?"

"அது அவசரப்பட்டு அடிக்க அடிலா. உள்ள ரத்தம் ரொம்புததுக்குள்ள அடிச்சா எதத் தள்ளும்?"

பதினோரு மாதமாக நான் ஒரு கருவியின் தவறை இன்னொரு கருவியால் நிரூபிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணூறு வரி கோட் எழுதியிருந்தேன். அம்மா அதை இரண்டு நர்ஸையும் ஒரு கடிகாரத்தையும் வைத்துச் செய்திருக்கிறாள். அவர்கள் கேட்ட கேள்வி யாருடைய எண் சரி என்பதல்ல. இரண்டு எண்ணும் சரி. நடுவில் எத்தனை விழுந்தது?

"கையக் கொடு" என்றாள்.

கொடுத்தேன். மூன்று விரலை வைத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, சுவரைப் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், அவளுடைய வார்டு வாசலில் காத்திருந்தபோது.

"ஒண்ணு விட்டுப்போச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொண்ணு."

அப்பாவைப் பற்றி இரண்டு பேருமே எதுவும் சொல்லவில்லை.

*

மருத்துவர் ஈசிஜி எடுத்தார். அந்தப் பத்து விநாடியில் என் இதயம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. பிறகு ஒருநாள் முழுக்க ஹோல்ட்டர் மாட்டிவிட்டார்கள். இடுப்பில் தீப்பெட்டி அளவு பெட்டி, நெஞ்சில் ஒயர்கள். 1940களில் நார்மன் ஹோல்ட்டர் என்ற அமெரிக்கர் செய்த முதல் மாதிரி 38 கிலோ, முதுகில் மூட்டையாகத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். எக்கோ, ட்ரெட்மில் எல்லாம் ஆனது. ஹோல்ட்டரில் ஒரு நாளுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்பில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் எக்டோபிக். இதயத்தின் கீழறையில் எங்கோ ஒரு மூலை, முறை வருவதற்கு முன்னால் தானாகக் கட்டளை கொடுத்துவிடுகிறது. உங்கள் இதயத்தின் கட்டுமானத்தில் குறை எதுவும் இல்லை, இப்போதைக்கு மருந்தும் வேண்டாம், தூக்கத்தையும் காபியையும் பாருங்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார்.

நடுவில் அவர் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்ல வேண்டும். "ஓடும்போது இது கூடுதா, குறையுதா?" வேகம் ஏறும்போது மறைகிறதா, அதிகமாகிறதா என்பது அவருக்கு முக்கியமான தகவலாக இருந்தது. ஒரு வருடம் தினமும் நெஞ்சில் எலக்ட்ரோடு கட்டிக்கொண்டு ஓடிய ஆளிடம் இதற்குப் பதில் இருந்திருக்க வேண்டும். ஆனால் இடத்தை மிச்சம்பிடிக்கிறேன் என்று மூலத் தரவுகளை மூன்று மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் அழிக்கவும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். மீதி எட்டு மாதத்துக்கும் வடிகட்டிய எண்கள்தான் இருந்தன. அழகான எண்கள். மிஞ்சிய மூன்று மாதத்தை எடுத்துப் பார்த்தேன்: ஆரம்பத்தில் வரும், 150ஐத் தாண்டினால் காணாமல் போகும், நின்றதும் சில நிமிடம் திரும்ப வரும். அச்செடுத்துக் கொடுத்தேன். கைப்பட்டையின் தரவும் இருக்கிறது என்றேன். வேண்டாம் என்றார்.

கிளம்பும்போது, சில சமயம் உள்ளே ஏதோ துள்ளுகிற மாதிரி இருக்குமே, அது அந்த அவசரத் துடிப்புதானா என்று கேட்டேன். பெரும்பாலும் அதற்கு அடுத்தது என்றார். விட்ட இடைவெளியில் ரத்தம் கூடுதலாக நிறைந்துவிடும், அதனால் அடுத்த அடி பலமாக விழும், அதைத்தான் ஆட்கள் உணர்வார்கள் என்றார். மீன் துள்ளிய பிறகுதான் அப்பா நெஞ்சில் கை வைத்திருக்கிறார். அவருக்கும் இதேதான் இருந்ததா என்று யாரும் இனிச் சொல்ல முடியாது. அவருடைய கையில் யாரும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்ததில்லை.

*

இப்போது எது வாங்கலாம் என்று ஓட்ட நண்பர்கள் கேட்டால் சுருக்கமாகச் சொல்கிறேன். துடிப்பு எண்ணிக்கை போதும், காலையில் படுத்துக்கொண்டு ஹெச்ஆர்வி பார்த்தால் போதும் என்றால் கைப்பட்டையே நல்லது, நெஞ்சை அறுத்துக்கொள்ள வேண்டாம். ஓடும்போது ஹெச்ஆர்வி வேண்டும், டிஎஃப்ஏ வேண்டும் என்றால் நெஞ்சுப்பட்டை மட்டும்தான். நன்றாக நனைத்துக் கட்டு, வாரம் ஒருமுறை சோப்புப் போட்டு அலசு. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் கை அதிகம் ஆடாதே, கைப்பட்டை போதாதா என்று கேட்கிறார்கள். நம்ம ஊர் ரோட்டிலா?

என் வடிகட்டியை மாற்றினேன். இப்போது அது எதையும் அழிப்பதில்லை. சந்தேகமான துடிப்புகளைத் தனி நிறத்தில் குறித்து, ஹெச்ஆர்வி கணக்கிலிருந்து மட்டும் விலக்கி வைக்கிறது. முன்னதும் பின்னதும் கூட்டினால் இரண்டு மடங்கு வருகிறதா என்றும் பார்க்கிறது. மூலக் கோப்புகளை அழிக்கும் ஸ்கிரிப்டைத் தூக்கிவிட்டேன். காபி இரண்டாகக் குறைந்திருக்கிறது. தூக்கத்தைப் பற்றிப் பேச வேண்டாம், ரிலீஸ் வாரம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓடிவிட்டு வந்து பட்டையைக் கழற்றப் போனேன். அம்மா "இரு" என்றாள். உள்ளே போய்ப் பழைய வாட்ச்சை எடுத்துக்கொண்டு வந்தாள், நர்ஸுகள் சட்டையில் தலைகீழாகக் குத்திக்கொள்வார்களே, அது. என்னைச் சோபாவில் உட்காரவைத்து, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போனில் எண்ணுவதைத் தொடங்கச் சொன்னாள். "நீ அதப் பாத்து எங்கிட்ட சொல்லக்கூடாது" என்றாள். வார்டிலும் அப்படித்தான் விதியாம். ஒருத்தி எண்ணி முடிக்கும் வரை இன்னொருத்தி வாயைத் திறக்கக் கூடாது.

ஒரு நிமிடம் முடிந்தது.

"எழுவத்தி ஒம்பது" என்றாள்.

போனில் 81.

"ரெண்டு" என்றாள், விரலை எடுக்காமல். பிறகு அடுப்பில் இட்லி இருப்பது ஞாபகம் வந்து எழுந்து போனாள்.